ஞாயிற்றுக்கிழமைக்கு ஆறு பாட்டில்

பெரிய வாய்க்காலைத் தாண்டும்போது ஒதீல் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள். நான் ஒரு நொடி பிந்தித்தான் கைக்குட்டையை எடுத்தேன். அந்த ஒரு நொடியை அவள் பார்த்தாளா, பார்க்கவில்லையா? கோதண்டத்தின் ஒயின் கடைக்குள் வந்து மின்விசிறிக்கு அடியில் நின்ற பிறகும் அதுதான் குடைகிறது. மே மாதத்து வாய்க்கால், தண்ணீர் வற்றிச் சேறு மட்டும் கிடக்கிறது. புதுச்சேரியே மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கிற இடத்தில் ஒருத்தன் மட்டும் பூந்தோட்டத்தில் உலாவுகிறவன் மாதிரி நடந்தால் தெரு நாய்க்குக்கூடச் சந்தேகம் வரும், இருபத்தேழு வருடம் கூடக் குடும்பம் நடத்தியவளுக்கு வராதா? "நான் மீன் வாங்கிட்டு அரை மணில வந்துடறேன். நீங்க அதுக்குள்ள ஆறு பாட்டில் எடுத்து வைங்க. கோதண்டத்துகிட்ட கதை அளந்துக்கிட்டு நிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அங்காடிப் பக்கம் திரும்பிவிட்டாள். குரலில் ஒன்றும் இல்லை. குரலில் ஒன்றும் இல்லாதபோதுதான் அவளிடம் பயப்பட வேண்டும். ஆறு பாட்டில் எடுக்கத் தெரியாதா எனக்கு? கடற்கரை ஓட்டலில் முப்பத்தொரு வருடம் ஒயின் பரிமாறியவன் நான். பிரான்சிலிருந்து வந்து இறங்கியவர்களே "சவரி, நீ சொல்" என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்தச் சவரிநாதனுக்கு இரண்டு வருடமாக மூக்கு இல்லை. முகத்தில் இருக்கிறது, வேலை செய்வதில்லை. ஒரு காய்ச்சல் வந்தது, போகும்போது வாசனை அத்தனையையும் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. உப்பு தெரிகிறது, புளிப்பு தெரிகிறது, காரம் தெரிகிறது. வாசனை மட்டும் சுத்தமாக இல்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒதீலிடமும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

"வாங்க முசே, ஆளையே காணோமே" என்று கோதண்டம் எழுந்து வருகிறார். முப்பது வருடப் பழக்கம், இன்னும் என்னைப் பிரெஞ்சு மரியாதைப்படி முசே என்றுதான் கூப்பிடுவார். மச்சான் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை புதுநன்மை, முதல் நற்கருணை, பூசை முடிந்ததும் காலாப்பட்டுப் பக்கம் சவுக்குத்தோப்பில் பாய் விரித்துச் சாப்பாடு, பன்னிரண்டு பேர் என்கிறேன். "இந்த வெயில்லயா? வெளியிலயா?" என்கிறார். வெளியில்தான். வெளியில் என்று மச்சானுக்கு ஓதிக்கொடுத்ததே நான்தான், அது கோதண்டத்துக்கு எதற்கு? வீட்டு மேசையில் வைத்தால் மாட்டிக்கொள்வேன். நான்கு சுவருக்குள் கோப்பையைச் சுழற்றினால் வாசனை அங்கேயே நிற்கும், ஒருத்தர் என்னவோ பழம் என்பார், இன்னொருத்தர் இல்லை பூ என்பார், பிறகு எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். தோப்பில் கடற்காற்று அடிக்கும். கோப்பையிலிருந்து கிளம்புகிற வாசனை மூக்குக்கு வருவதற்குள் காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். போதாததற்கு ஐஸ். நன்றாகக் குளிரவைத்த ஒயின் வாயைத் திறக்காது, வாசனை உள்ளேயே சுருண்டு கிடக்கும். வெயிலும் காற்றும் ஐஸும் சேர்ந்தால் பன்னிரண்டு பேரும் பாதி என்னைப் போல ஆகிவிடுவார்கள், கூட்டத்தோடு கூட்டமாக நானும் தலையாட்டிவிட்டு வந்துவிடலாம். அதனால் கனத்த சிவப்பு வேண்டாம். வெயிலில் அது தலையைப் பிடிக்கும், சூடானால் சாராய நெடிதான் முதலில் வந்து நிற்கும் என்பது பாடம், இப்போது எனக்கு எந்த நெடியும் வராது, ஆனால் பாடம் மறக்கவில்லை. வடகம் தாளித்த மீன் குழம்புக்கு ரோஜா நிற ஒயின், ரோசே, மூன்று. நண்டு வறுவலுக்குப் புளிப்புத் தூக்கலான வெள்ளை, இரண்டு. சின்னப் பெண்ணை வாழ்த்தி எல்லாரும் கோப்பை தூக்க, நுரைக்கிற ஒயின் ஒன்று. பார், கண்ணை மூடிக்கொண்டு ஆறையும் சொல்லிவிட்டேன். மூக்கை மூடிக்கொண்டு என்றும் சொல்லலாம்.

பன்னிரண்டு பேரில் ஒருத்தன் கஸ்பார். ஒதீலின் அத்தை மகன். முறைக்காரன். நெருங்கிய உறவில் கட்டக் கோயில் சாமியாரிடம் விலக்கு வாங்கியிருந்தால் அவனுக்கே கட்டிக்கொடுத்திருப்பார்கள், வாங்குவதற்குள் அவன் பிரெஞ்சுக் கப்பற்படையில் சேர்ந்து துலோனுக்குக் கப்பல் ஏறிவிட்டான், அந்த இடைவெளியில் நான் நுழைந்தேன். அங்கேயே கட்டினான், அங்கேயே பிரிந்தான், ஓய்வூதியம் வாங்குகிறான். ஈஸ்டருக்கு வந்தவன் ஆறு வாரமாக ஊரிலேயே உட்கார்ந்திருக்கிறான், எதற்கு? வெயில் பிடிக்கிறதாம். ஒதீல் அவனை அத்தான் என்று கூப்பிடுகிறாள். அத்தை மகனை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேட்பாள், நியாயம்தான், ஆனால் இருபத்தேழு வருடத்தில் என்னை ஒரு தடவை அப்படிக் கூப்பிட்டதில்லை, நான் வெறும் என்னங்க. சரி, அதுகூடப் போகட்டும். கன்னத்தில் முத்தம் இருக்கிறதே. எங்கள் புதுச்சேரிப் பிரெஞ்சுக் குடும்பங்களில் வந்ததும் கன்னத்தோடு கன்னம் வைத்து இரண்டு முத்தம், அது வணக்கம் மாதிரி, யாரும் தப்பாக நினைப்பதில்லை, நானும் நினைத்ததில்லை. துலோன்காரனுக்கு மட்டும் மூன்று. ஈஸ்டர் அன்று வாசலிலேயே மூன்று வைத்தான், வைத்துவிட்டுத் தலையைப் பின்னால் இழுத்து, கண்ணைச் சுருக்கிச் சிரித்துக்கொண்டு, "ஒதீல், இன்னும் உங்கிட்ட அதே வாசனை" என்றான். அதே வாசனை. எந்த வாசனை? அவள் ஐயோ போங்க அத்தான் என்று சிரித்தாள். எனக்குப் பொறாமை, சொல்லிவிட்டேன், வயிறு எரிகிற பொறாமை. அவன் அவளைத் தொட்டதற்கு இல்லை. எனக்கு இரண்டு வருடமாகக் கிடைக்காத ஒன்றை அவன் வாசலில் நின்று, செருப்பைக்கூடக் கழற்றாமல், மூன்று முறை மோந்துவிட்டுப் போனானே, அதற்கு. குளித்துவிட்டு வந்து அவள் முடியைத் துவட்டும்போது அறை முழுக்க ஒன்று வரும், தேங்காயெண்ணெயா, பவுடரா, ஈரத் துண்டா, மூன்றும் இல்லாத அவளா, பிரித்துச் சொல்ல முடியாது. ஆயிரம் ஒயினைப் பிரித்துச் சொன்னவனால் அதை மட்டும் பிரிக்க முடிந்ததில்லை. இப்போது அது எப்படி இருந்தது என்பதே மறந்துகொண்டு வருகிறது, அதுதான் பயம். முகம் மறந்தால் படம் இருக்கிறது, குரல் மறந்தால் பதிவு செய்துவைக்கலாம், இதை எங்கே போய்த் தேடுவது? கஸ்பாரிடம் கேட்கலாம். உனக்குத்தான் தெரியுமே, சொல்லு, என் பெண்டாட்டி என்ன வாசனை? தூ.

"நாசிக் ரோசே வந்திருக்கு முசே, போன மாசம் இறங்கினது" என்று கோதண்டம் ஒரு பாட்டிலை எடுத்துக் காட்டுகிறார். வெளிறின ரோஜா நிறம், கண் நன்றாகத்தான் இருக்கிறது. ஜன்னலோரம் அடுக்கிவைத்த பாட்டில்களைத் தள்ளிவிட்டு உள் அலமாரியைப் பார்க்கிறேன், வெயில் படுகிற இடத்தில் நிற்கிற ஒயினை எடுக்கக் கூடாது, அது அரிச்சுவடி. ஊருக்குச் சொல்கிற அரிச்சுவடி. என் வீட்டில் என்ன செய்தேன்? ஓய்வு பெற்ற அன்று ஓட்டலில் கொடுத்த சிவப்பு பாட்டிலை, படுக்கவைக்க வேண்டிய பாட்டிலை, வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று கண்ணாடி அலமாரியில் மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில் ஆறு வருடம் நிற்கவைத்தேன். மேற்கு வெயில் தினமும் மாதாவையும் தொட்டது, அதையும் தொட்டது. பெருமை வந்தால் புத்தி பின்வாசல் வழியாகப் போய்விடும். அந்தப் பாட்டிலைத்தான் ஈஸ்டர் அன்று கஸ்பாருக்கு எதிரில் திறந்தேன். அவன் துலோனிலிருந்து ஒன்று கொண்டுவந்திருந்தான், அதை ஓரமாக வைத்துவிட்டு என்னுடையதைத் திறந்தேன், திறந்து என் வழக்கப்படி கோப்பையில் ஒரு வாய் ஊற்றிச் சுழற்றி மோந்து தலையசைத்தேன். குடிக்கவில்லை. பரிமாறுகிறவன் குடிக்கக் கூடாது, மூக்கு போதும், நாக்கு விருந்தாளிக்கு, இது நான் முப்பத்தொரு வருடம் புதுப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்த மந்திரம். முதலில் ஒதீலுக்கு ஊற்றினேன். அவள் வாய்வரை கொண்டுபோனாள், நிறுத்தினாள், என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் ஆறு வாரமாகப் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறேன். குளியலறைக் கதவைத் தெரியாமல் திறந்துவிட்டவர்கள் சட்டென்று மூடுவார்களே, அப்படி ஒரு பார்வை. உடனே என் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்கினாள். "எனக்கு இது வேணாம், அத்தான் கொண்டாந்தாரே அதத் தொறங்க" என்று சின்னப் பிள்ளை மாதிரி அடம்பிடித்துக்கொண்டு என் பாட்டிலைச் சமையலறைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். வேறு யார் கோப்பையிலும் இன்னும் ஊற்றியிருக்கவில்லை. "ஒதீல் கேட்டா மறுபேச்சு ஏது சவரி" என்று அவன் சிரித்துக்கொண்டே தன்னுடையதைத் திறந்தான். நான் கையில் துண்டோடு என் வீட்டிலேயே வெயிட்டர் மாதிரி நின்றேன்.

அதோடு விட்டாளா? என் பாட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் நல்லெண்ணெய் பாட்டிலோடு நின்றது. மறுவாரம் பன்றிக்கறி விந்தாலு செய்தாள், அதற்கு அடுத்த வாரமும் செய்தாள், ஒவ்வொரு தடவையும் அதிலிருந்துதான் ஊற்றினாள், நான் கூடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டேயிருந்தேன். என் முப்பத்தொரு வருடத்தைக் கொதிக்கிற கறியில் ஊற்றுகிறாள், அவன் கொண்டுவந்த காலிப் பாட்டிலைக் கழுவி மணிபிளாண்ட் வைத்திருக்கிறாள். இதற்கு மேல் ஒரு பெண் என்ன சொல்ல வேண்டும்? கறி வேறு நன்றாக இருந்தது, இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்றேன், மானங்கெட்ட நாக்கு. "ருசி பாருங்க முசே, உங்க வாயால நல்லாருக்குன்னு சொல்லிட்டா நான் போர்டே எழுதி வெச்சிடுவேன்" என்கிறார் கோதண்டம். உள்ளேயிருந்து திறந்த பாட்டில் ஒன்று வருகிறது, கோப்பை வருகிறது. வேண்டாம் என்று சொல்லலாம், சொன்னால் ஏன் என்பார். கோப்பையைக் காம்பில் பிடிக்கிறேன், சுழற்றுகிறேன், மூக்கை உள்ளே விடுகிறேன், கண்ணை முக்கால் மூடுகிறேன், இந்த நாடகம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒன்றுமில்லை. கண்ணாடியின் குளிர்ச்சிகூட இல்லை. "ம், நல்லா இருக்கு. கொய்யா, கொஞ்சம் ரோஜா. தோப்புக்குப் பொருத்தம்" என்று தலையசைக்கிறேன். கோதண்டத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு, தனக்கும் ஒரு சொட்டு ஊற்றி மூக்குக்குக் கொண்டுபோகிறார், சிரிப்பு நின்றுவிடுகிறது. என்னைப் பார்க்கிறார்.

அதே பார்வை. கதவைத் திறந்துவிட்டுச் சட்டென்று மூடுகிற பார்வை. "ஐயோ, இது வேணாம் முசே, எனக்கே இது புடிக்கல, இருங்க, வேற தொறக்கறேன்" என்று பாட்டிலைப் பிடுங்குகிறார், அவசரத்தில் அடம்பிடிக்கிற சின்னப் பிள்ளை மாதிரியே. என் கையில் கோப்பை இருக்கிறது. முப்பத்தொரு வருடத்தில் செய்யாததைச் செய்கிறேன், ஒரு வாய் குடிக்கிறேன். புளிப்பு. பல் கூசுகிற புளிப்பு, வேறு ஒன்றுமே இல்லை. போன வாரமோ அதற்கு முந்தின வாரமோ திறந்து இந்தச் சூட்டில் மறந்து வைத்த பாட்டில், புளித்து வினிகராகி, காடியாகிவிட்டது. காடி. விந்தாலுக்கு ஊற்றுகிற காடி. கோதண்டம் என்னென்னவோ சொல்கிறார், கரண்ட் போச்சு முசே, பிரிட்ஜ் ரிப்பேரு முசே, எனக்குக் காது அடைத்துக்கொள்கிறது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று கஸ்பாரை எத்தனை தடவை மனதுக்குள் திட்டியிருப்பேன், கழுதை இங்கே கோப்பையோடு நிற்கிறது. அப்படியானால் அன்றைக்கு அவள் பிடுங்கியது காடியை. விருந்தாளிகளுக்கு முன்னால் நான் தலையசைத்த காடியை, அடுத்தவர் கோப்பையில் விழுவதற்குள் பிடுங்கினாள், எனக்கு இது வேணாம் என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாள். ஆக அவளுக்குத் தெரியும். எவ்வளவு நாளாக? காய்ச்சல் விட்ட மறுநாள் அடுப்பில் காபி கருகிப் புகைந்தது, நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், கொல்லையிலிருந்து ஓடிவந்தவளிடம் கண் அசந்துட்டேன் என்றேனே, அன்றிலிருந்தா? அதன்பிறகு கேஸைத் திறக்க அவள் என்னை விட்டதில்லை, பாலை மோந்து பார்க்க விட்டதில்லை, எல்லாம் அவளே. நான் அதை என்னவென்று நினைத்தேன்? ஓய்வு பெற்றவனை அடுப்படியில் சேர்ப்பதில்லை என்று. சரி, நன்றியோடு இருக்கலாமே, மனம் கேட்கிறதா பார், உடனே அடுத்த முள். கஸ்பாருக்கும் தெரியுமா? மறுபேச்சு ஏது சவரி என்று சிரித்தானே, அது தெரிந்த சிரிப்பா? அவள் கோப்பைக்குப் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தான். இரண்டு பேருமாகச் சேர்ந்து என் மேல் இரக்கப்பட்டார்களா? ரகசியம் வைத்துக்கொள்ளக்கூடாதா, வைத்துக்கொள்ளட்டும், ஆனால் அந்த ரகசியம் என் மூக்கா? அதைத்தான் தாங்க முடியவில்லை.

"இன்னும் ஒண்ணுகூட எடுக்கலையா?" ஒதீல் வாசலில் நிற்கிறாள், கையில் மீன் பை, நெற்றியெல்லாம் வேர்வை. என் முகத்தைப் பார்க்கிறாள், கோப்பையைப் பார்க்கிறாள், கோதண்டத்தைப் பார்க்கிறாள். கோதண்டம் எதற்கோ உள்ளே போய்விடுகிறார், நல்ல மனிதர். சொல்லிவிடு சவரி, இரண்டு வருடம் போதும். "ஒதீல், எனக்கு மூக்கு போச்சு." அவள் மீன் பையைக் கீழே வைக்கிறாள். "தெரியும்." "எப்ப?" "காபி கருகின அன்னைக்கே." "ஏன் கேக்கல?" "நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன். சொல்லவே இல்ல" என்கிறாள், இப்போது அவள் குரலில் எல்லாம் இருக்கிறது, கோபம், அலுப்பு, அழுகையின் ஆரம்பம். நான் பதிலுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். "கஸ்பாருக்குத் தெரியுமா?" என்று கேட்கிறேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதைத்தான் கேட்கிறேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. "அத்தானுக்கா? நான் எடுத்து வெச்ச உங்க பாட்டில்ல இருந்து அவரே ரெண்டு கிளாஸ் ஊத்திக் குடிச்சாரு, அடுப்படில வந்து. சவரியோட சரக்கு சவரியோட சரக்குதான்னு சொல்லிட்டுப் போனாரு." அந்த மடையனா? அந்த மடையனுக்காகவா நான் ஆறு வாரம் தூங்கவில்லை? அப்படியும் ஒரு முள் மிச்சம் இருக்கிறது, அதுதான் பெரிய முள், அதையும் பிடுங்கிவிடுகிறேன். "வாசல்ல சொன்னாரே. அதே வாசனைன்னு. என்ன வாசனை அது?" அவள் யோசிக்கிறாள், உண்மையாகவே யோசிக்கிறாள். "அதுவா? ஈஸ்டருக்குன்னு எங்க அத்தை குடுத்த புடவைய பீரோலேர்ந்து எடுத்துக் கட்டியிருந்தேன். பாச்சை உருண்டை வாசனைங்க. அத்தை வீட்டு பீரோவும் அப்படித்தான் நாறும்."

பிறகு அவளே எடுத்தாள். கோதண்டம் புதிதாகத் திறந்ததை அவள் மோந்தாள், இது பரவால்ல, இது வேணாம், இது மாம்பிஞ்சு மாதிரி இருக்கு, நண்டுக்கு நல்லாருக்கும் என்றாள், நான் அதன் குளிர்ச்சியையும் புளிப்பையும் நாக்கில் பார்த்துச் சரி என்றேன். ரோசே மூன்று, வெள்ளை இரண்டு, நுரைக்கிறது ஒன்று, என் கணக்கு தப்பவில்லை. "ஞாயித்துக்கிழமை நான் முதல்ல மோந்துட்டுத் தரேன், நீங்க தலையாட்டுங்க" என்றாள். எல்லாருக்கும் தெரிஞ்சுடுமே என்றேன். "நான் சொல்றதுக்கு நீங்க தலையாட்டறது ஊருக்கே தெரிஞ்சதுதான்" என்றாள். நான் பாட்டில் பையைத் தூக்கிக்கொண்டேன், அவள் மீன் பையை. வெயில் உச்சிக்கு வந்திருந்தது. வாய்க்கால் பாலத்துக்கு வந்ததும் அவள் முந்தானையை மூக்குக்கு எடுத்தாள், என் கை தானாகக் கைக்குட்டைக்குப் போனது, பாதியில் நிறுத்தினேன். இனி எதற்கு. கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு இரண்டு வருடத்தில் முதல் தடவையாகச் சும்மா நடந்தேன். அவள் மூக்கைப் பொத்தி, கண்ணைச் சுருக்கி, வேகவேகமாகப் போய்க்கொண்டிருந்தாள், அவளுக்கு மட்டும் கிடைக்கிற அந்த நாற்றத்தின் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. "எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "செத்த எலி" என்றாள் முந்தானைக்குள்ளிருந்து. "அப்புறம்?" "அழுகின முட்டைக்கோசு. கேக்காதீங்க, கொமட்டுது." "இன்னும் சொல்லு" என்றேன். அவள் நின்றாள். மூக்கிலிருந்து முந்தானையை எடுத்தாள், எனக்காக ஒரு மூச்சு இழுத்தாள்.